திரையில் சரியாகத் தெரிந்தால் போதுமா?

தமிழில் இணையப் பக்கம் செய்கிறவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. எழுத்து திரையில் சரியாகத் தெரிகிறதா? தெரிகிறது. அப்போ வேலை முடிஞ்சது. டிஸ்கி, டேப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம் இருந்த நாட்களில் பிறந்த பழக்கம் இது. அன்றைக்கு எழுத்து தெரிவதே பெரிய சாதனை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கும் அதுவே அளவுகோலாக இருப்பது சரியல்ல என்பதுதான் என் வாதம்.

முதலில் அடிப்படை. யுனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண். 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. பக்கத்தின் மூலத்தில் '&#2949;' என்று எழுதினால் உலவி 'அ' என்று காட்டும். கோப்பு தமிழைத் தாங்காத குறியாக்கத்தில் இருந்தாலும் எழுத்து தப்பிப் பிழைக்க இது உதவியது. பக்கம் யுடிஎஃப்-8 ஆகிவிட்டால் தமிழுக்கு இந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. '<', '&' மாதிரி சில குறிகளுக்கு மட்டும் தேவை. ஏனென்றால் உலவிக்கு அவை கட்டளைகள். படிவத்தில் யாரோ எழுதிய '<' அப்படியே பக்கத்துக்குள் போனால், அந்நிய நிரல் நுழைய அதுவே வாசல். அதனால்தான் '&#60;' என்று மாற்றுகிறோம்.

மாற்றுவது சரி. எப்போது மாற்றுவது என்பதில்தான் கோளாறு. பலர் தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே மாற்றிவிடுகிறார்கள். காட்டும்போது டெம்ப்ளேட் தன் பங்குக்கு இன்னொரு முறை மாற்றுகிறது. '&' முதலில் '&#38;' ஆகி, அடுத்து '&#38;#38;' ஆகிறது. '&#2949;' என்று சேமித்த 'அ', '&#38;#2949;' ஆகிவிடுகிறது. வாசகர் கண்ணில் படுவது எழுத்து அல்ல, எண்.

உடனே என்ன செய்கிறார்கள்? காட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடு என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். திரை சரியாகிவிடும். ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டும் சேர்ந்தே திறந்துகொள்ளும். வலி மறைந்தது, நோய் அப்படியே இருக்கிறது.

சேமிப்பிலும் தொல்லைதான். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் ஐந்து குறிகள் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). யுடிஎஃப்-8ல் 15 பைட். '&#2980;' பாணியில் எழுதினால் 35 எழுத்து. முகவரிப் பட்டையில் சதவீதக் குறியோடு போனால் 45. தலைப்புக்கு 100 இடம் என்று வைத்துவிட்டு நூறாவது இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், பாதி எழுத்து தொங்கும், இல்லாவிட்டால் பாதி எண் தொங்கும்.

இதிலும் இரண்டு வகைச் சேதம் உண்டு. யுடிஎஃப்-8 உரையை ஐரோப்பியக் குறியாக்கம் என்று நினைத்துத் திறந்தால், தலையில் கோடு போட்ட எழுத்துகளாக வரும். பயப்பட வேண்டாம், பைட்டுகள் அப்படியே இருந்தால் மீட்டுவிடலாம். ஆனால் தமிழைத் தாங்காத ஒரு பெட்டியில் அதைச் சேமித்து '?????' என்று ஆகிவிட்டால் போச்சு. எந்த நிரலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. முதல் வகையைப் பார்த்து அலறுகிறவர்கள் இரண்டாவதை மௌனமாகக் கடந்துபோவது எனக்கு விளங்காத ஒன்று.

திரையை நம்புவதன் மோசமான விளைவு தேடலில்தான் தெரியும். 'கொ' என்பதை 2965, 3018 என்று இரண்டு குறிகளாக எழுதலாம். 2965, 3014, 3006 என்று மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யுனிகோடே சொல்கிறது. சீராக்கம் செய்தால் ஒன்றாகிவிடும். 'ஔ' அப்படியில்லை. 2964 என்பதும், 2962, 3031 என்ற ஜோடியும் சமம். ஆனால் பலர் தட்டுவது 2962, 2995. அதாவது ஒகரமும் ளகரமும். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், சீராக்கத்துக்குச் சிக்காது. ஔவையாரைத் தேடுகிறவருக்குப் பாதி ஔவையார் கிடைக்கமாட்டார். இயந்திரத்தனமாக மாற்றவும் முடியாது, 'ஒளி' கெட்டுப்போகும். அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறதா என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும். நிரல் தெரிந்தால் போதாது, தமிழும் தெரியணும்.

பழைய டிஸ்கி உரைகளை மாற்றுவதும் இப்படித்தான். டிஸ்கியில் கண் பார்க்கிற வரிசை: கொம்பு முதலில், மெய் பிறகு. யுனிகோடில் மெய் முதலில். எண்ணுக்கு எண் அட்டவணை போட்டு மாற்றினால், கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

"இதெல்லாம் யுனிகோடின் குற்றம், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தந்திருந்தால் தீர்ந்திருக்கும்" என்கிறவர்கள் உண்டு. 2010-ல் தமிழ்நாடு அரசு யுனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்-16 அப்படிப்பட்டதுதான். வாதத்தில் நியாயம் இருக்கிறது. 'கொ' ஒரே எண்ணாக இருந்தால் இரட்டை வடிவம் வராது, எழுத்தெண்ணுவதும் எளிது. ஆனால் டேஸ்-16 இருப்பது யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் தனிப்பயன் பகுதியில். அதற்குரிய ஃபான்ட் இல்லாத கணினியில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தந்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யுனிகோடின் கொள்கை என்பதால், மொத்தமாக மாற்றி அடுக்கவும் வழியில்லை. எல்லாவற்றையும்விட, இரண்டு முறை பூட்டுவதும் கண்டபடி அவிழ்ப்பதும் எந்தக் குறியாக்கத்திலும் நடக்கும். அது நம் கைவேலை, தரத்தின் குறை அல்ல.

நான் சொல்வது எளிய ஒழுங்கு. உள்ளே வரும்போது ஒருமுறை அவிழ்த்து, சீராக்கி, வெறும் எழுத்தாகச் சேமியுங்கள். வெளியே போகும்போது, போகிற இடத்துக்கு ஏற்ப ஒருமுறை மட்டும் மாற்றுங்கள். பக்கத்துக்கு ஒரு விதம், முகவரிக்கு வேறு விதம்.

உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் 'ஔவையார்' என்பதை மேலே சொன்ன மூன்று விதமாகவும் தட்டிப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் விடை வராவிட்டால், திரையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அந்த உரை இன்னும் சரியாகவில்லை.