வரியை எழுதியது யார்?

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய சர்வர். இன்று ஒரே ஒரு முகவரிக்கு மட்டும் பாக்கெட் போய்ச் சேரவில்லை. மற்ற இடங்களுக்கெல்லாம் போகிறது. யாரும் கைவைக்கவில்லை என்கிறார்கள். இப்படியொரு நேரத்தில் தேர்ந்த யூனிக்ஸ் நிர்வாகி வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. அவர் ரீபூட் செய்ய மாட்டார். செய்தால் கோளாறு தீர்ந்துவிடக்கூடும். கூடவே தடயமும் போய்விடும்.

'நெட்ஸ்டாட் -ஆர்என்' என்று தட்டுகிறார். ரவுட்டிங் டேபிள் விரிகிறது. புதியவர்கள் முகவரிகளைப் படிப்பார்கள். இவர் கண் 'ஃபிளாக்ஸ்' பத்தியில் நிற்கிறது. பிஎஸ்டி வழிவந்த கணினிகளில் அங்கே 'யு, ஜி, எச்' எழுத்துகளோடு ஒரு 'டி' ஒட்டியிருந்தால் பாதிக் கதை வெளிவந்துவிட்டது. யு என்றால் வரி நடப்பில் இருக்கிறது. ஜி, கேட்வே வழியாகப் போகிறது. எச், ஒரே ஒரு கணினிக்கான தனி வழி. டி, இதை மனிதர் யாரும் எழுதவில்லை. ரவுட்டர் அனுப்பிய ரீடைரக்ட் செய்தியை நம்பிக் கெர்னல் தானாகக் குறித்துக்கொண்டது. "என்னிடம் வராதே, அந்தக் கேட்வேயிடம் போ" என்று ரவுட்டர் சொல்வதற்கு 1981-லேயே ஆர்எஃப்சி 792 இடம் கொடுத்துவிட்டது. அந்தக் கேட்வே பிறகு செயலிழந்தாலும் வரி அங்கேயே நிற்கலாம். லினக்ஸில் இன்னும் நுட்பம் வேண்டும். முழு டேபிளைக் கேட்டால் இது தென்படாது; அந்த முகவரியைக் கொடுத்து 'ஐபி ரூட் கெட்' என்று கேட்டால்தான் 'ரீடைரக்டட்' என்று ஒப்புக்கொள்ளும்.

சில விபிஎன்களின் கைவரிசை வேறு. டிஃபால்ட் வழியைத் தொடாமல், முகவரிவெளி முழுவதையும் இரண்டாகப் பிளந்து இரண்டு '/1' வரிகளை எழுதிவிடும். குறுகலான வரிக்கே முதலுரிமை என்பது விதி. பழைய டிஃபால்ட் இருந்த இடத்தில் இருந்தபடியே செல்லாக்காசாகிவிடும். இதை யோசித்தவரை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு பக்கத்துச் சாட்சியம் போதாது. இங்கேதான் எனக்கு ஜவ்வாது மலை நினைவுக்கு வரும். 1977 மார்ச்சில் அங்குள்ள காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியோடு, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதற்காகக் காத்திருந்தார்கள். எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே விண்மீன் சில நொடிகள் மங்கி மீண்டது. ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதை மேகம் என்று ஒதுக்கவில்லை. புதிய துணைக்கோள் என்று கருதி எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேலே விமானத்திலிருந்து பார்த்த ஜேம்ஸ் எலியட் குழுவினருக்குக் கோளின் இருபுறமும் ஒத்த மங்கல்கள் கிடைத்தன. வளையங்கள் என்பது அதிலிருந்துதான் தெளிவானது.

ட்ரேஸ்ரூட்டுக்கும் ஒரு பக்கம்தான் தெரியும். ஸ்டீவ் டீரிங் சொன்ன யோசனையிலிருந்து எண்பதுகளின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய கருவி அது: பாக்கெட்டின் ஆயுளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டி அனுப்பி, அதைக் கைவிடும் ஒவ்வொரு ரவுட்டரையும் தன் பெயரைச் சொல்லவைக்கும். பிழைச் செய்தியையே வரைபடமாக்கிய அழகு! ஆனால் அது காட்டுவது போகும் வழியை. திரும்பும் வழி வேறாக இருக்கலாம். அதனால் நம் நிர்வாகி எதிர்முனையிலும் நுழைந்து அங்கிருந்து ஒருமுறை ஓட்டுகிறார். வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்தால், பதில் வேறொரு நெட்வொர்க் கார்டில் வந்து இறங்குகிறது. போன வழியில் வராத பாக்கெட்டை, 'ஆர்பி ஃபில்டர்' கடுமையாக இருந்தால், லினக்ஸ் சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் வரியை அழிக்கிறார். ரீடைரக்டை ஏற்கும் அமைப்பையும் மூடுகிறார். ஒரு ஜன்னலில் 'ஐபி மானிட்டர் ரூட்' ஓடிக்கொண்டே இருக்கிறது; டேபிளில் இனி எந்த வரி மாறினாலும் அங்கே பதிவாகும்.