இளையராஜாவின் திருவாசகம்: வாத்தியங்களுக்கு நடுவே சொல் நிற்கிறதா?

இளையராஜாவின் திருவாசக ஒலிப்பதிவு 2005இல் வெளியானது. மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்தின் 51 பகுதிகளுள் ஆறிலிருந்து பாடல்கள் எடுக்கப்பட்டன. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, லாஸ்லோ கோவாக்ஸ் நடத்தினார். ஆங்கில வரிகளை ஸ்டீபன் சுவார்ட்ஸ் எழுதினார்.

இப்பதிவைச் சிம்பொனி என்பதுண்டு; ஆனால் சிம்பொனி பெரும்பாலும் கருவிகளின் இசை. இங்கோ தனிக்குரலும் குழுக்குரலும் பக்திப் பாடலைச் சுமக்கின்றன. இந்த அமைப்பு, குரல்களும் இசைக்குழுவும் சேர்ந்து சமயப் பொருளைப் பாடும் ஒரட்டோரியோவுக்கே நெருக்கமானது. ஆகவே இசைக்குழுவின் திறமையை மட்டும் அளந்தால் போதாது. வாத்தியங்களுக்கு நடுவே சொல் தெளிவாக நிற்கிறதா என்பதே முதல் அளவுகோல்.

அந்தச் சோதனைக்கு உகந்தது 'பொல்லா வினையேன்'. சிவபுராணத்திலிருந்து அமைந்த இது ஏறத்தாழ 20 நிமிடங்கள் நீள்கிறது. இளையராஜாவின் குரலில் அலங்காரம் குறைவு, மன்றாட்டு மிகுதி. அந்தக் குரல் தனித்து ஒலிக்கும் இடங்களில் தமிழ் எழுத்தெழுத்தாகக் கேட்கிறது. பதிவின் உச்சம் அதுவே. ஆங்கிலக் குழுக்குரல் புகும்போது பாடலின் பரப்பு விரிகிறது, ஆனால் அடியவர் ஒருவர் தனியே இறைவனிடம் பேசும் நெருக்கம் தளர்கிறது.

ஈழத்தின் வன்னிப் பகுதிச் சைவர்களுக்கு 'முத்துநற்றாமம்' தனிக் கவனத்துக்குரியது. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணப் பகுதியின் தொடக்கமான இது ஈழத்தில் மரணச் சடங்கில் சுண்ணம் இடிக்கும்போது பாடப்படுகிறது. பாடலின் பொருளோ, இறைவனின் நீராட்டுக்குப் பெண்கள் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கும் கொண்டாட்டம். பதிவு பொருளையே பின்பற்றுகிறது. செத்தவீட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு இது முதலில் அந்நியமாகப்படும்; ஆயினும் நூலுக்கு உண்மையான தெரிவு இது.

குறை காலப்பிரமாணத்தில் உள்ளது. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் கோயிலில் ஓதுபவர் உருகும் சொல்லில் விரும்பும்வரை நின்றுகொள்வார். எழுதிய சுரத்தைப் பலர் சேர்ந்து வாசிக்கும் இசைக்குழுவில் அந்த விடுதலை சுருங்குகிறது. அதற்கு ஈடாகக் கிடைப்பது சுருதி அடுக்குகளின் ஆழம். கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் தாழ்ந்த தந்திகளின் ஒலி மறைந்து, அந்த ஆழமும் போய்விடும். நல்ல ஒலிபெருக்கியில் கேட்டே இப்பதிவை மதிப்பிட வேண்டும்.

ஓதும் மரபுக்கு இது மாற்றாகாது. தமிழ்ப் பக்திச் சொல்லை மேற்கத்திய இசைக்குழு தாங்கமுடியும் என்பதைப் 'பொல்லா வினையேன்' ஒன்றே நிறுவிவிடுகிறது; அந்த அளவில் பதிவு வெற்றி பெறுகிறது.