அறிவிப்பு யாரிடம் பேசுகிறது?



18 மார்ச் 2020இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதன்பின் ஈப்போவிலும் சுற்றியுள்ள பழைய ரப்பர் தோட்டங்களிலும் அறிவிப்புகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. கிளினிக் சுவர், கோயில் வாசல், மளிகைக்கடை, புலனக் குழு என எங்கும் ஒரு தாள். அந்தத் தாள்களின் தமிழைச் சற்றே பார்ப்போம்.

முதலில் சொல். 'சமூக இடைவெளி' என்பது ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. சாதியின் பெயரால் மனிதரைத் தள்ளி வைத்த வரலாறு நமக்கு உண்டு. அதனால் இச்சொல்லுக்குத் தமிழ்நாட்டிலேயே எதிர்ப்பு எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 2020 மார்ச்சிலேயே உடலளவிலான இடைவெளி என்று சொல்லத் தொடங்கியது. தள்ளி நிற்கணும், ஆனால் உறவு அறுந்துவிடக் கூடாது என்பதே காரணம். நம் நாட்டு ஊடகங்களில் புழங்கிய 'கூடல் இடைவெளி' இதைவிட மேல். ஆனாலும், "கைய நீட்டினா முன்னாடி நிக்கிறவங்க மேல படக்கூடாது" என்றால்தான் தோட்டத்துப் பாட்டிக்குச் சட்டென்று புரியும்.

அடுத்து வாக்கியம். ஒரு கிளினிக் வாசலில் கண்டது: 'அறிகுறி உள்ளவர்கள் தனிமைப்படுத்தப்படுவர்.' இலக்கணப் பிழை இல்லை. ஆனால், என்னோடு வந்த பாட்டி கேட்டார்: "புடிச்சிட்டுப் போயிருவாங்களா டீச்சர்?" அவருக்கு மூன்று நாளாக இருமல். யாரிடமும் சொல்லவில்லை. செயப்பாட்டு வினையில் செயலைச் செய்பவர் மறைந்துவிட்டார். யார் செய்வார், எங்கே, எத்தனை நாள் என்று தாள் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தைப் பயம் நிரப்பிக்கொண்டது.

எழுதியவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 4 மே முதல் நிபந்தனையுடன் கூடிய ஆணை, 10 ஜூன் முதல் மீட்புநிலை ஆணை என விதிகள் மாறிக்கொண்டே இருந்தன. பல மொழிகளில், அவசரத்தில் எழுத வேண்டியிருந்தது. ஆனால், அவசரத்திலும் நல்ல அறிவிப்பு வரலாம். 2021 ஏப்ரலில் மூத்தோருக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, எங்கள் வட்டாரக் கோயில் இளைஞர்கள் ஒரு குரல் பதிவு அனுப்பினார்கள்: "தாத்தா, பாட்டி, ஐ.சி. எடுத்துக்கிட்டு கோயிலுக்கு வாங்க. நாங்க பதிஞ்சு தர்றோம்." கைப்பேசிச் செயலி தெரியாதவர்களும் வந்தார்கள். அந்தக் காலத் தோட்டங்களில் காலைப் பெரட்டில் செய்தி வாய்மொழியாகத்தானே போனது! பழகிய குரலுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

எஸ்.பி.எம். மாணவர்களே, அறிவிப்பு எழுதும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருக்கு? என்ன செய்யணும்? சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? ஆசிரியர்களே, மேற்கண்ட கிளினிக் வரியை வகுப்பில் மாற்றி எழுதச் சொல்லுங்கள். என் முயற்சி இது:

'காய்ச்சலோ இருமலோ இருந்தால் வாசலில் உள்ள தாதியிடம் முதலில் சொல்லுங்கள். அவர் உங்களைத் தனியாக உட்கார வைப்பார். டாக்டர் அங்கேயே வந்து பார்ப்பார்.'

பாட்டி இதைப் படித்திருந்தால் அன்றே இருமலைச் சொல்லியிருப்பார்.