ளாத் எழுத்தும் தருமபுரியின் மூன்று நாவுகளும்

ஓதிக் கொடுக்கும் ஆசிரியரை விளிக்கும் சொல்லிலேயே நம் வழக்கு தொடங்கிவிடுகிறது. உருது பேசும் இல்லத்தார் 'ஹஜ்ரத்' என்பர். தமிழ் வழக்கினர் 'ஹள்ரத்' என்பர். அரபு நாட்டு ஓதலைச் செவிமடுத்துப் பழகியோர் 'ஹத்ரத்' எனத் திருத்துவர். மூன்றும் ஒரே சொல். மூவரையும் பிரிப்பது ஓர் எழுத்து. ஸாதின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் பிறக்கும் அந்த எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் ளாத் என்றும் உருது வழியினர் ஜுவாத் என்றும் பெயரிட்டழைக்கின்றனர்.

இவ்வழக்குகள் ஒரே தெருவில் முட்டிக்கொள்ளும் இடங்களுள் தருமபுரி மாவட்டம் ஒன்று. 1792ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சிக்குட்பட்ட பாராமகால் சீமை இது. தக்கினி உருதைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் இங்கே ஒரே இமாமின் பின்னால் அணிவகுக்கின்றன. ஒருவருக்கு ரம்ஜான், மற்றவருக்கு ரமலான். பேச்சளவில் இது பகையன்று. ஆனால் பாத்திஹா அத்தியாயத்தில் ளாத் இருமுறை வருகிறது. பாத்திஹாவில் பிழையென்றால் தொழுகையைப் பற்றியே ஐயம் எழுகிறது. 'இவர் ஓதுவது செல்லுமா?' என்ற முணுமுணுப்பின் வேர் இதுவே.

எழுதக் கற்பதில் பெருஞ்சிக்கல் இல்லை. நீள்வட்டக் கண்ணை முடித்தபின் ஒரு சிறு பல்லை எழுப்பியே அடுத்த எழுத்தோடு சேர்க்க வேண்டும். அப்பல்லை விழுங்கிவிடுவதே பிள்ளைகளின் வாடிக்கையான பிழை. சிரமம் முழுவதும் நாவில்தான் இருக்கிறது.

நாவின் ஓர விளிம்பு மேற்கடைவாய்ப் பற்களை ஒட்டி நிற்க ளாத் பிறக்கிறது என்பது தஜ்வீத் நூல்களின் முடிபு. இடப்புறம் எளிது, வலப்புறம் அரிது, இருபுறமும் ஒருசேர அதனினும் அரிது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டு இலக்கண மேதை சீபவைஹி இதனைக் காற்று தடைபடாமல் ஓடும் ஒலிகளோடு சேர்த்தார். இன்று ஒலிப்பேழைகளிலும் கைப்பேசிகளிலும் நாம் கேட்டுப் பழகிய அழுத்தமான தகர ஒலியோ காற்றை அடைத்து வெடிக்கிறது. ஆகவே 'சரியான அரபு உச்சரிப்பு' என்று சொல்லி ஊர்ப் பெரியவர்களின் ஓதலை எள்ளுவோர், தாம் நிற்கும் இடமும் பழைய வரையறையிலிருந்து விலகியதே என்பதை உணர வேண்டும்.

நம் முன்னோரின் 'பர்ளு', 'ஒளு', 'களா' ஆகியவை அறியாமையில் விளைந்த கொச்சை என்று சொல்வதை நாம் ஏற்கவில்லை. பர்ளு மலாய் மொழியில் 'பெர்லு' ஆயிற்று. ரிளா 'ரெலா' ஆயிற்று. காளி என்னும் நீதிபதிப் பெயர் ஸ்பானிய மொழியில் 'அல்கால்தே' என்று நகரத் தலைவரைக் குறித்து நிற்கிறது. இக்கரைகளெல்லாம் ஒரே எழுத்தில் லகரச் சாயலைக் கேட்டிருக்கின்றன என்றால், கேட்கப்பட்ட ஒலியில் அச்சாயல் இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம். அரபுத் தமிழ் எழுதிய நம் ஆலிம்கள் ளகர ழகர இன ஒலிக்கு ளாத் எழுத்தின் கீழ்ப் புள்ளியிட்டு ஆண்டதும் அச்செவியறிவின் சான்றே.

இதனால் லகரமாகவே ஓதிவிடலாம் என்று பொருளன்று. ஹிஜ்ரி 833இல் மறைந்த இமாம் இப்னுல் ஜஸரீ (ரஹ்), நாவுக்கு இதைப்போல் கடினமான எழுத்து வேறில்லை என்று கூறி, இதை லாவாக ஒலிப்போர், தடித்த லாமாக ஒலிப்போர் இருசாராரையும் கண்டிக்கிறார். இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில், பாத்திஹாவில் ளாதை லாவாக மாற்றினால் செல்லாது என்பதையே வலுவான கருத்தாக வைக்கிறார். அதே ஷாஃபிஈ வழியினரான இப்னு கஸீர் (ரஹ்) அவர்களோ, பிறப்பிடங்கள் நெருங்கியிருத்தலின் இக்குறை மன்னிக்கப்படும் என்கிறார். 'ளாதை மொழிவோரில் நானே தெளிவுமிக்கவன்' என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மீது ஏற்றப்படும் கூற்றுக்கு அடிப்படையில்லை என்றும் அவரே அவ்விடத்தில் தெளிவுபடுத்துகிறார். பிற்கால ஹனஃபி அறிஞர் பலரும் முயன்றும் இயலாத பாமரருக்கு இடமளித்துள்ளனர். கற்பிப்பதில் கண்டிப்பு, கற்பவரிடம் கனிவு என இரண்டுக்கும் இடம் வைத்த மரபு இது. நம் ஊர்ச் சச்சரவுகளில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன: கற்பிக்கையில் கவனமில்லை, தீர்ப்புரைக்கையில் கடுமை.

நம் முதன்மையான குறை தமிழ் எழுத்தில் அச்சிடப்படும் திருமறைப் பிரதிகள் மீதே. ஒரு பதிப்பில் லகரம், ஒன்றில் ளகரம், இன்னொன்றில் ழகரம். 'ரமழான்' என எழுதுவது கற்றோர்க்கு அழகெனப்படுகிறது. ஆனால் ழகரத்தில் நுனிநா வளைந்து மேலெழுகிறதே தவிர நாவோரம் கடைவாயைத் தேடுவதில்லை. மூச்சு நாவின் பக்கவாட்டில் வெளிப்படும் ளகரமே ஒப்பில் சற்று அணுக்கமானது. அதிலும் நா முழுவதும் மேலண்ணம் நோக்கி உயர்ந்து தடிக்கும் தன்மை இல்லை. எவ்வெழுத்தைத் தேர்ந்தாலும் பிள்ளை தாளைப் பார்த்துத் தமிழ் ஒலியைத்தான் எழுப்பும். வயது முதிர்ந்து புதிதாய் ஓதத் தொடங்குவோர்க்கு அப்பிரதி ஊன்றுகோலாகலாம். மக்தபில் பிள்ளைகள் கையில் அதற்கு வேலையில்லை.

தமிழ் நாவுக்கு ஓர் அனுகூலம் உண்டு. 'பள்ளம்' என்று சொல்லச் சொல்லி, மூச்சு எவ்வழி வெளியேறுகிறது எனப் பிள்ளையையே உணரச் செய்யலாம். பின் நுனிநாவை அண்ணத்திலிருந்து விடுவித்து, ஓரத்தைக் கடைவாயில் பதித்து, ஒலியைச் சற்றே நீட்டச் சொல்லலாம். நூல்கள் 'இஸ்திதாலா' என்று கூறும் நீட்சி அதுவே. உருது வழிப் பிள்ளைக்கு வேறு தொடக்கம் வேண்டும்: பல்லருகே நிற்கும் நுனிநாவை முதலில் அங்கிருந்து பின்னிழுக்கப் பழக்க வேண்டும். ஒரே வகுப்பில் இவ்விருவரும் அமர்ந்திருக்கும் தருமபுரியில், ஆசிரியர் இரு தொடக்கங்களையும் அறிந்திருத்தல் கட்டாயமாகிறது.