ஓடும் டாங்கியும் தேயும் சான்றும்: டைகர் 131 மீட்டமைப்பு குறித்த ஒரு திறனாய்வு

இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட கவச வாகனங்களைப் பிரித்துப் பழுது நீக்கி, மீண்டும் தம் எஞ்சினாலேயே ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வழக்கம் ஐரோப்பிய இராணுவ அருங்காட்சியகங்களில் இன்று வேரூன்றிவிட்டது. ஆயினும் அதன் நன்மை தீமைகள் பெரும்பாலும் ஆர்வலரின் பெருமிதத்தோடோ காப்பாளரின் அச்சத்தோடோ பேசப்படுகின்றனவேயன்றி, ஒரே தராசில் வைத்து எடைபோடப்படுவது அரிது. இவ்வழக்கத்தின் சிறப்பையும் குறையையும் ஒருசேரக் காட்டும் வாகனம், இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்திலுள்ள டைகர் 131 ஆகும். உலகில் எஞ்சியிருக்கும் டைகர் முதல் வகை டாங்கிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஓடும் நிலைக்கு முதலில் மீட்கப்பட்ட இவ்வண்டியின் மீட்டமைப்பு அறிவுக்குப் பெரும் வரவு. அவ்வரவு எதை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது என்பதையே இக்கட்டுரை முதன்மையாக ஆராய்கிறது.

ஜெர்மனியின் காசெல் நகரில் ஹென்ஷெல் ஆலையில் கட்டப்பட்டு 1943-இன் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இந்த டாங்கி, 504-ஆம் கனரக டாங்கிப் பிரிவைச் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டனின் 48-ஆம் அரச டாங்கிப் படையின் சர்ச்சில் டாங்கிகளோடு மோதியபோது, எதிரிக் குண்டு ஒன்று அதன் பீரங்கிக் குழலின் அடிப்பகுதியில் பட்டுத் தெறித்து, பீரங்கியைத் தாங்கித் திரும்பும் மேற்பகுதியாகிய சுழல்கோபுரம் உடலோடு பொருந்தும் வளையத்தில் சிக்கிக்கொண்டது. கோபுரம் திரும்ப இயலாமற்போகவே, ஓடக்கூடிய வண்டியை அதன் குழுவினர் அப்படியே விட்டு அகன்றனர். துனிசில் அரசர் ஆறாம் ஜார்ஜும் பிரதமர் சர்ச்சிலும் அதைப் பார்வையிட்டனர். 1943 அக்டோபரில் அது இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டு, எதிரியின் தொழில்நுட்பத்தை அறிவதற்காக டாங்கித் தொழில்நுட்பப் பள்ளியினரால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஆராயப்பட்டது. 1951-இல் அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்கப்பட்ட வண்டி, ஆகவே, போர்க்களத்திலிருந்து நேராக வந்து சேர்ந்ததன்று. அதன் மூல எஞ்சின் உட்புறம் தெரியும்படி ஏற்கெனவே அறுத்துக் காட்சிப்படுத்தப்பட்டிருந்தது. மீட்டமைப்பு ஒரு தூய பொருளைக் கெடுத்துவிட்டது என்ற குற்றச்சாட்டு, பொருள் அதற்கு முன்பே பலமுறை கைபட்டிருந்ததை மறந்துவிடுகிறது.

1990-இல் வண்டி காட்சியிலிருந்து அகற்றப்பட்டு, அருங்காட்சியகப் பணியாளரும் பிரிட்டிஷ் இராணுவத்தின் பழுதுபார்ப்பு நிறுவனத்தினரும் இணைந்து ஏறத்தாழ முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கும் பணி தொடங்கியது. 2003 டிசம்பரில் அது ஓடும் எஞ்சினோடு போவிங்டனுக்குத் திரும்பியது. மேற்கொண்டு சோதனைகளும் திருத்தங்களும் 2012 வரை நீடித்தன. ஒரே வண்டிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதைத் தாமதமாகக் கொள்ளலாகாது. தொழிற்சாலையும் உதிரிபாகமும் பயிற்சி பெற்ற கைகளும் மறைந்துபோன ஓர் இயந்திரத்தின் இயல்பை மறுபடி கற்க அவ்வளவு காலம் பிடித்தது என்று கொள்வதே பொருந்தும்.

இக்கற்றலே மீட்டமைப்பின் முதற்பெரும் நன்மை. ஆவணங்களில் டைகர் என்பது 100 மில்லிமீட்டர் முன்கவசமும் 88 மில்லிமீட்டர் பீரங்கியும் ஏறத்தாழ 57 டன் எடையும் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே. அந்த எடையை எட்டு முன்விசைகளும் நான்கு பின்விசைகளும் கொண்ட, அடுத்த விசையை முன்கூட்டியே தேர்ந்துவைக்க உதவும் கியர்பெட்டி எவ்வாறு கையாண்டது என்பதும், இழுபிடிகளைக் கொண்டு பெருமுயற்சியோடு திருப்பப்பட்ட பிற டாங்கிகளுக்கு மாறாக இதனை ஒரு வளைசக்கரத்தைச் சுழற்றி எவ்வளவு எளிதாகத் திருப்ப முடிந்தது என்பதும் ஓட்டிப் பார்த்தாலன்றிப் புலனாவதில்லை. பழுதுபார்க்கும் கைகளுக்கு இதனினும் கூடுதலாக ஒன்று புலப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு அச்சுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி சக்கரங்கள் அமைந்திருத்தலால், உள்வரிசைச் சக்கரம் ஒன்றை மாற்ற வெளிவரிசைச் சக்கரங்கள் பலவற்றைக் கழற்ற வேண்டும். கியர்பெட்டியை வெளியே எடுக்கவேண்டுமாயின் சுழல்கோபுரத்தையே தூக்கி அகற்ற வேண்டும். டைகர் பிரிவுகளில் களத்தில் நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை எப்போதும் பட்டியலில் உள்ள எண்ணிக்கையைவிடக் குறைந்திருந்ததற்கு எதிரியின் குண்டுகள் மட்டுமே காரணமல்ல என்பதை வரலாற்றாசிரியர் எழுத்தில் அறிந்திருந்தனர். பட்டறையில் பாரந்தூக்கியோடு போராடியவருக்கோ அது உடலால் அறிந்த உண்மையாயிற்று. வெல்லமுடியாத டாங்கி என்னும் தொன்மத்தை உடைப்பதற்கு அதை ஓடவைத்ததைவிடப் பொருத்தமான வழி இருந்திருக்க முடியாது என்பது சற்று வேடிக்கையான உண்மை.

திறன் கைமாறுதலும் குறிப்பிடத்தக்கது. வார்ப்பு, கடைசல், பழைய கார்புரேட்டர்களை ஒத்திசைத்தல், ஆயிரக்கணக்கான கிலோ எடையுள்ள பாகங்களைச் சிதைக்காமல் கழற்றுதல் ஆகிய தொழில்கள் நூல்வழி கற்பிக்க இயலாதவை. வேலை நின்றால் அவையும் நின்றுவிடும். நுழைவுக் கட்டணம் செலுத்திவரும் மக்களும் ஓடும் டைகரைக் காண்பதற்கென்றே பெருந்திரளாகக் கூடுகின்றனர் என்பதால், அதன் வருவாய் அதிகம் கவனிக்கப்படாத பிற வாகனங்களையும் தாங்குகிறது. இவ்வாதம் கணக்காளருடையது; எனினும் அருங்காட்சியகங்கள் காற்றை உண்டு வாழ்வதில்லை.

இனி விலையைக் காணலாம். இயங்கும் பொருள் தேய்கிறது. சங்கிலிப் பட்டையின் இணைப்பூசிகள், சக்கரங்களின் ரப்பர் வளையங்கள், எடையைத் தாங்கி முறுகி மீளும் எஃகுத் தண்டுகள் ஆகியவை ஒவ்வோர் ஓட்டத்திலும் தம் ஆயுளில் ஒரு பகுதியை இழக்கின்றன. இழந்ததற்கு ஈடாக வைக்கப்படும் புதிய பாகம் வேலையைச் செய்யும். ஆனால் 1943-ஆம் ஆண்டு எஃகின் கலவையையும், அவசரப் போர்க்கால உற்பத்தியின் கருவித் தடங்களையும், பொருத்திய தொழிலாளியின் குறிகளையும் அது சுமந்திராது. எதிர்காலத்து ஆய்வாளர் எந்தக் கேள்வியோடு வருவார் என்பதை இன்றைய பட்டறை அறிய இயலாது. இன்று பயனற்றதாகக் கருதிக் களையப்படும் ஒரு துருப்பிடித்த ஆணி நாளை ஓர் உற்பத்தி வரலாற்றின் சான்றாகக்கூடும்.

எஞ்சின் பற்றிய முடிவே இவ்விவாதத்தின் நடுநாயகம். டைகர் 131 துனீசியாவில் ஓடியது, அலுமினிய உறை கொண்ட 21 லிட்டர் மைபாக் எச்.எல். 210 வகை எஞ்சினால். அது அறுக்கப்பட்டுவிட்டமையால், வார்ப்பிரும்பு உறை கொண்ட 23 லிட்டர் எச்.எல். 230 வகை எஞ்சின் ஒன்று, அதே அருங்காட்சியகத்தின் டைகர் இரண்டாம் வகை டாங்கியிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. பிற்கால டைகர் முதல் வகை வண்டிகளிலும் இதுவே இருந்தது என்பதால் இதை வரலாற்றுக்குப் புறம்பான ஒட்டு என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் திடலில் கூடிய மக்கள் கேட்டு மெய்சிலிர்க்கும் முழக்கம், துனீசியக் குன்றுகளில் பிரிட்டிஷ் காலாட்படையினர் கேட்ட முழக்கமன்று. அதற்கு நெருங்கிய உறவான மற்றொன்று. மேலும், ஒரு காட்சிப்பொருளை முழுமையாக்கும் பொருட்டு மற்றொரு காட்சிப்பொருள் தன் எஞ்சினை இழந்தது. அறுக்கப்பட்ட எச்.எல். 210-ஐ ஒட்டிப் புதுப்பித்து ஓட்ட முயலாமல் விட்டது சரியான முடிவே, ஏனெனில் அந்த எஞ்சின் எதிரியின் படைக்கலத்தை எதிர்த்தரப்பு ஆராய்ந்த வரலாற்றுக்கு இப்போது தானே சான்றாக நிற்கிறது. மீட்டமைப்பை வெறும் பொய் என்போர் இந்நுட்பத்தைக் காண்பதில்லை; அசல் டைகர் அசலாகவே ஓடுகிறது என்போரும் காண்பதில்லை.

அடுத்து எழும் கேள்வி, பல காலங்களைக் கடந்துவந்த ஒரு பொருளை எந்தக் காலத்துக்கு மீட்பது என்பது. ஆலையை விட்டு வெளிவந்த நாளுக்கா, குழுவினர் கைவிட்ட நாளுக்கா, பிரிட்டிஷார் ஆராய்ந்த ஆண்டுக்கா? போவிங்டன் துனீசியக் களத்தைத் தேர்ந்தது. அதற்கேற்ப வண்ணம் பூசப்பட்டது. குண்டுகள் பட்ட வடுக்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டன. பின்னதன் அருமை வெகு காலத்துக்குப் பின் விளங்கிற்று. இந்த டாங்கி 1943 ஏப்ரல் 21 அன்று ஜெபல் ஜாஃபா என்னும் இடத்தில் பிடிபட்டதாகவே பல பத்தாண்டுகள் எழுதப்பட்டு வந்தது. பின்னர் வந்த ஆய்வு, நிகழ்விடம் 174-ஆம் குன்று எனப்பட்ட குரியாத் அல் அத்தாஷ் என்றும், நாள் ஏப்ரல் 24 என்றும் திருத்தியது. இத்தகைய திருத்தங்களில் நினைவுக்குறிப்பையும் நிழற்படத்தையும் வண்டியின் காயங்களோடு பொருத்திப் பார்க்க முடிவது எத்துணை முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வடுக்களை நிரப்பி வழவழப்பாக்கியிருந்தால் சாட்சியே வாய் மூடியிருக்கும். வண்ணப்பூச்சைப் பற்றி இவ்வளவு ஆறுதல் கொள்ள முடியாது: புதிய பூச்சு காலத்தால் மங்கிய பழம்பூச்சை மறைக்கிறது அல்லது நீக்குகிறது. மணல்வீச்சினால் உலோகம் வரை சுரண்டிவிட்டுப் பூசும் வழக்கம் தனியார் பட்டறைகளில் பரவலானது. அது திரும்பப் பெற இயலாத இழப்பு.

கட்டடங்களைப் பேணுவோர் இச்சிக்கலை முன்பே சந்தித்தவர்கள். 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று வரையறுத்தது. ஆஸ்திரேலியாவில் 1979-இல் உருவான பர்ரா சாசனம், தேவையான அளவுக்குச் செய்க, இயன்றவரை குறைவாகச் செய்க என்னும் கருத்தை முன்வைத்தது. பழம்வாகனங்களுக்கெனப் பின்னர் வகுக்கப்பட்ட தூரின் சாசனம், வாகனம் ஓடும்போதே அதன் பொருள் முழுமையாக விளங்கும் என்பதை ஏற்றுக்கொண்டே, செய்த மாற்றங்கள் அனைத்தும் ஆவணப்படுத்தப்பட வேண்டும் என்கிறது. கட்டடத்துக்குரிய நெறியை டாங்கிக்கு அப்படியே பொருத்த முடியாது. கோபுரம் நிற்பதற்காகக் கட்டப்பட்டது, டாங்கி ஓடுவதற்காக. எனினும் ஊகத்துக்கு எல்லை வகுக்கும் விதி இரண்டுக்கும் பொதுவாகும். பள்ளத்தாக்குகளிலும் சதுப்புகளிலும் தோண்டியெடுத்த துண்டுகளைச் சேர்த்து, இல்லாதவற்றைப் புதிய எஃகில் வார்த்து, முழு டாங்கியாக்கி, ஒரு பழைய எண்தகட்டைப் பதித்து மீட்கப்பட்ட வண்டி என்று அழைக்கும் போக்கு அவ்வெல்லையைத் தாண்டியது. அதைத் திறமையான படி என்று அழைத்தால் குறையேதுமில்லை.

படிகள் இழிவானவை அல்ல என்பதற்குத் திரைப்படமே சான்று. 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில் டைகராகத் தோன்றியவை சோவியத் டி-34 டாங்கிகளின் மேல் கட்டப்பட்ட வேடங்கள்; 2014-இல் வெளிவந்த 'ஃபியூரி' படத்திலோ டைகர் 131 தானே நடித்தது. துனீசியாவில் 1943-இல் பிடிபட்ட வண்டி 1945-ஆம் ஆண்டு ஜெர்மனியில் போரிடுவதாகக் காட்டப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கையும் விளம்பரமும் ஈட்டப்பட்டன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஈடற்ற ஒரு பொருளின் தேய்மானத்தைக் கற்பனைக் காட்சிக்குச் செலவிட்டது மீட்டமைப்பின் ஆய்வு நோக்கத்தோடு பொருந்துவதாகத் தெரியவில்லை. வேடமிட்ட டி-34-உம் ஒரு போர்க்கால வகை வாகனமே, அதை உருமாற்றியதும் இழப்பே என்று மறுவாதம் எழலாம். ஆனால் பல்லாயிரக்கணக்கில் கட்டப்பட்டதையும் 1,350-க்குச் சற்றுக் குறைவாகவே கட்டப்பட்டதையும் ஒரே அளவுகோலால் அளப்பது நேர்மையாகாது.

ஓடவைக்காமல் விட்டவற்றின் கதி எப்போதும் மேலானதாக இருந்ததில்லை என்பதையும் இங்கே நோக்க வேண்டும். அமெரிக்கர் கைப்பற்றிய 712 எண் கொண்ட டைகர், உட்புறத்தைக் காட்டும் பொருட்டுப் பக்கவாட்டில் வெட்டித் திறக்கப்பட்டது. நார்மண்டியில் விமூத்தியே அருகே 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய படையினர் கைவிட்ட டைகர், பழைய இரும்பு வணிகரின் கைக்குப் போய், 1975-இல் காப்பாற்றப்பட்டு, அதன்பின் சாலையோரத்தில் பல பத்தாண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்றது. தொடாமல் விடுதல் என்பது பேணுதல் ஆகாது. கூரையும் ஈரப்பதக் கட்டுப்பாடும் இல்லாத இடத்தில் அது மெதுவான அழிவேயாகும். எனவே எடைபோட வேண்டியது ஓட்டத்தையும் நன்கு பேணப்பட்ட நிலையையும். பட்டறைக்கும் துருவுக்கும் இடையே தேர்வு என்று காட்டுவது வாதத்தைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் உத்தி.

இவ்வாறு பார்க்கையில் டைகர் 131-ஐ ஓடவைத்தது ஏற்கத்தக்க முடிவு: மூல எஞ்சினை முன்பே இழந்த, முழுமையாக ஒருமுறை பிரிக்கப்பட்டுவிட்ட, ஆண்டுக்கு ஒருசில முறையே ஓட்டப்படும் வண்டியில் இழப்பு குறைவு, அறிவு மிகுதி. இதே காரணத்தால் இது பிற வண்டிகளுக்கு முன்மாதிரி ஆகாது. உட்பூச்சும் மின்கம்பிகளும் குழுவினர் விட்டுச்சென்ற கிறுக்கல்களும் கலையாமல் உள்ள ஒரு வாகனம் கிடைக்குமாயின் அதில் கை வைக்காதிருப்பதே கடமை. ஓட்ட நாள்களின் எண்ணிக்கையும் சீட்டு விற்பனையால் முடிவாகாமல், ஒவ்வொரு பாகத்திலும் எஞ்சிய ஆயுளைப் பதிவுசெய்யும் ஏட்டினால் முடிவாக வேண்டும்.

இவ்வழக்கத்தின் ஆழமான குறை, தேய்மானத்தில் இல்லை, தேர்வில் உள்ளது. பணமும் உழைப்பும் புகழ்பெற்ற வேட்டை மிருகங்களையே நாடிச் செல்கின்றன. அந்த மிருகத்தை நாஜி அரசு எதற்காகப் படைத்தது என்பது எஞ்சின் முழக்கத்தில் எளிதில் மறைந்துவிடுகிறது. அதைத் தடுத்து நிறுத்திய சர்ச்சில் டாங்கி அழகற்றதாய், மெதுவாய் ஊர்வதாய் இருந்ததால் அதன் முன் கூட்டம் சேர்வதில்லை. டைகர் பழுதுற்று நின்றால் அதை இழுத்துச்செல்ல ஃபாமோ நிறுவனத்தின் 18 டன் வகை அரைச்சங்கிலி இழுவண்டிகள் வழக்கமாக மூன்று தேவைப்பட்டன. அவை கிடைக்காதபோது, சுடப்படாத டைகர்களையே குழுவினர் வெடிவைத்துத் தகர்க்க நேர்ந்தது. அந்த இழுவண்டிகள் மூன்றை ஒன்றாகப் பூட்டி, 57 டன் சுமையைச் சேற்றிலிருந்து இழுத்துக் காட்டும் ஒரு சோதனை, டைகர் பிரிவுகள் உண்மையில் எதனால் தோற்றன என்ற கேள்விக்கு, டைகரைத் திடலில் வட்டமடிக்கவைப்பதைவிடக் கூடுதலான விடையைத் தரக்கூடும். அதற்கு உண்மையான டைகரும் வேண்டியதில்லை. அதே எடையுள்ள இரும்புப் பாளங்கள் போதும்.