தொடர்வழிப் புதினமும் தொகுப்பாரும்: ‘டாக்டர் ஹூ’ நூல்வரிசை குறித்து

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதைகளைச் சிறுவர் படித்தற்பொருட்டு உரைநடையாக்கி மலிவு விலையில் விற்ற நூல்களை ஆராய்ச்சிக்குப் பொருளாக்குதல் தகுமோ என்னும் ஐயம் எழுதப் புகுமுன் எமக்கும் இருந்தது. அந்நூல்களைத் தேடித் தொகுப்பாரை நகையாடுவாரும் உளர். நகைக்குரிய கூறுகள் அவர்தம் செயலில் இல்லாமலும் இல்லை. ஆயினும், மூலம் அழிந்தபின் வழிநூல் எத்துணைச் சான்றாகும் என்னும் வினா தமிழ் பயில்வார்க்குப் புதியதன்று. அவ்வினா இந்நூல்வரிசையைத் தொகுப்பார் கையில் நாளும் தவழ்கின்றது. அவருட் பலர் அதனை வினாவென அறியாமலே கடந்து செல்கின்றனர். அதுபற்றியே இதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியற் புனைவுத் தொடர் 1963 நவம்பர் 23-ஆம் நாள் பி.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி 1989 டிசம்பர் வரை நடந்தது. 2005-இல் மீண்டும் உயிர்பெற்றது. காலத்தினும் வெளியினும் செல்லும் ஊர்தி ஒன்றினையுடைய ‘டாக்டர்’ என்பாரும் அவர்தம் துணைவரும் சென்றவிடமெல்லாம் எதிர்ப்படும் இடர்களே கதை. இத்தொடரின் தொடக்க ஆண்டுகளுக்கு நேர்ந்த இழப்பே நம் ஆய்வுக்குக் களன். அக்காலத்துக் காட்சிநாடா விலை மிக்கது. ஒருமுறை பதிந்ததை அழித்து மறுமுறை பயன்படுத்துதல் வழக்கம். நடிகர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையும் மறுஒளிபரப்பிற்கு எல்லை வகுத்திருந்தது. அயல்நாடுகட்கு விற்பதற்கென எடுத்த படச்சுருள்கள் விற்பனை உரிமைக்காலம் முடிந்தபின் எரிக்கவும் எறியவும் பட்டன. 1978 அளவில் இவ்வழக்கம் நின்றபோது பேரிழப்பு நிகழ்ந்து முடிந்திருந்தது. 1960-களில் ஒளிபரப்பான பகுதிகளுள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை படமாக இன்றும் கிடைத்தில. அவற்றின் ஒலி மட்டும் முழுமையாக எஞ்சியது. அதனைக் காத்தவர், ஒளிபரப்பு நேரத்தில் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியிற் பதிந்துகொண்ட சில இளைஞர். அரண்மனைச் சுவடிச்சாலை எரிய, ஊர்ப்புறத்து வீட்டுப் பரணில் ஏடு தப்பிய கதையை ஒப்பது இது.

நூல்வரிசையின் வரலாறு இதனோடு பின்னியது. 1964-இல் பிரடெரிக் முல்லர் பதிப்பகத்தார் தொடரின் முதற் கதைப்பதிப்பாசிரியரான டேவிட் விட்டேக்கரைக் கொண்டு ‘டாலெக்’ கதையைப் புதினமாக்கி வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்து பில் ஸ்ட்ரட்டன் எழுதிய ‘ஸார்பி’ நூலும், விட்டேக்கர் தம் நாடகத்தையே உரைநடையாக்கிய ‘சிலுவைப்போர் வீரர்’ நூலும் வந்தன. அத்துடன் முயற்சி நின்றது. 1973-இல் டார்கெட் என்னும் மென்மட்டை வெளியீட்டார் இம்மூன்றனையும் மறுபதிப்பாக்க, அவை விரைந்து விற்றன. அடுத்த ஆண்டு முதல் புதிய நூல்கள் வரத்தொடங்கி, 1990-களின் தொடக்கம் வரை நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை வெளியாயின. தொடரின் காட்சிநாடா ஒன்று முதன்முதலாகக் கடையில் விற்பனைக்கு வந்தது 1983-இல்தான். அதற்கு முன் ஒரு கதையைத் தவறவிட்ட சிறுவனுக்கும், பிறக்குமுன் நிகழ்ந்த கதையை அறிய விழைந்த சிறுமிக்கும் இந்நூல்களே வாயில். எனவே தொகுத்தல் என்னும் செயல் தொடக்கத்தில் பொழுதுபோக்காக எழவில்லை. கதையை மீண்டும் காண வேறு வழி இல்லாமையின் எழுந்தது.

இன்றைய தொகுப்பார் நிலை வேறு. முல்லர் பதிப்பின் மேலுறை கிழியாத படியையும், கிறிஸ் அக்கிலியோஸ் வரைந்த அட்டையுடைய 1970-களின் முதற்பதிப்பையும், நூலகங்களுக்கென்றே பெரும்பாலும் அச்சான கெட்டி அட்டைப் படிகளையும் அவர் நாடுகின்றார். இக்கெட்டி அட்டைப் படிகளுட் பல நூலக முத்திரையும் கழிவு முத்திரையும் பெற்றே சந்தைக்கு வந்தமையின், முத்திரை இல்லாப் படியைக் காணின் அவர் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வரிசை எண்ணும் ஒரு விளையாட்டு. எண்ணிடும் வழக்கம் 1983-இல் 74-ஆம் நூலோடு தொடங்கிற்று. அதற்கு முன் வந்தவற்றை ஆங்கில அகரவரிசையில் நிறுத்திப் பின்னோக்கி எண்ணிட்டனர். அதனால் பனிமனிதர் கதை முதல் எண் பெற்றது. உண்மையில் முதலில் எழுந்த டாலெக் நூல் இடையில் எங்கோ நிற்கின்றது. அலமாரியில் எண்முறையான் அடுக்குவோன் நூல்களின் வளர்ச்சிமுறையை அறியான். ஆண்டுமுறையான் அடுக்குவோனே எழுத்தாளரின் நடை எங்ஙனம் மாறிற்று என்பதைக் காண்பான். பேராசிரியர் சிலர் சங்கத்தொகைகளை எட்டென்றும் பத்தென்றும் எண்ணி மகிழ்ந்து உள்ளே புகாதிருத்தலை நினைத்துக்கொண்டோம்.

இனி வினாவிற்கு வருவோம். இந்நூல்கள் அழிந்த காட்சிக்குச் சான்றாகுமா? குண்டலகேசியின் சில செய்யுட்களைப் புறத்திரட்டு காத்தது. தகடூர் யாத்திரையும் அங்ஙனமே துண்டுகளாய் எஞ்சியது. ஆங்கு எஞ்சியவை மூலத்தின் சொற்களே. ஈண்டு எஞ்சியதோ மூலத்தைப் பிறிதொரு வடிவிற் பெயர்த்த உரைநடை. இரண்டனையும் ஒருநிகராகக் கொள்ளல் பிழை. ஆயினும் தொகுப்பார் உலகில் நெடுங்காலம் இப்பிழையே ஆட்சி செய்தது. ‘கதை இவ்வாறு நடந்தது’ என்பதற்கு நூலின் பக்கத்தையே அவர் காட்டினர்.

படமும் எஞ்சி நூலும் உள்ள இடத்தில் ஒப்பிட்டால் இப்பிழையின் அளவு புலப்படும். டாலெக் கதையின் பகுதிகள் அனைத்தும் படமாக உள. தொடரில் ஆசிரியர் இருவர், தம் மாணவியின் புதிர்மிக்க வாழ்வை அறியும் பொருட்டு அவளைப் பின்தொடர்ந்து பழம்பொருட் கிடங்கொன்றிற் புகுந்து ஊர்தியைக் காண்கின்றனர். டாலெக்குகளைச் சந்திப்பது அடுத்த கதையில். விட்டேக்கரோ முதற்கதையை முற்றும் நீக்கினார். மூடுபனியிற் பார்ன்ஸ் பொதுவெளியருகே நேர்ந்த ஊர்தி விபத்தொன்றில் இருவரும் முதன்முதலாகச் சந்திப்பதாகத் தொடங்கினார். கதை முழுவதையும் இயன் என்னும் பாத்திரமே தன்கூற்றாகக் கூறுகின்றது. திரையில் இல்லாத, கண்ணாடிக் கூட்டினுள் அமர்ந்த டாலெக் தலைவனும் நூலில் உண்டு. தொடரின் உள்ளிருந்து பணிபுரிந்த ஒருவரே இத்துணை உரிமை எடுத்தாரெனின், படம் அழிந்த கதைகளின் நூல்களை எத்துணை விழிப்போடு கையாளல் வேண்டும்?

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு, 1572-இல் பாரிசு நகரில் நிகழ்ந்த புரொட்டஸ்டண்டினர் படுகொலை பற்றிய கதை. 1966-இல் ஒளிபரப்பான நான்கு பகுதிகளும் படமாக அழிந்தன. ஜான் லூக்கரோட்டி எழுதிய நாடகத்தை அன்றைய கதைப்பதிப்பாசிரியர் டொனால்ட் டாஷ் பெரிதும் திருத்தி எழுதினார். திரையில் டாக்டர் தொடக்கத்திலேயே மறைந்து இறுதியிலேதான் மீள்கின்றார். அவரை ஒத்த முகமுடைய மடத்தலைவர் ஒருவரே இடையில் தோன்றுகின்றார். இருபது ஆண்டுகட்குப்பின், 1987-இல், அதனைப் புதினமாக்க லூக்கரோட்டிக்கு வாய்ப்புக் கிட்டிற்று. அவர் ஒளிபரப்பானதை எழுதினாரல்லர்; தாம் முதலில் எண்ணியதையே எழுதினார். நூலில் டாக்டர்க்குப் பெரும்பங்கு உண்டு. உருவொப்புமை கதையின் அச்சாகின்றது. ஒலிப்பதிவைக் கேளாது நூலை மட்டும் படித்தவர், என்றுமே ஒளிபரப்பாத ஒரு கதையைத் தாம் அறிந்ததாக எண்ணியிருந்தனர். ஆயின் இந்நூலைப் பொய்ச்சான்றென ஒதுக்கலாமோ? ஒதுக்குதல் தகாது. திருத்தம் பெறுமுன் ஆசிரியன் உள்ளத்தில் இருந்த வடிவிற்கு இது சான்று. எதற்குச் சான்று என்பதை அறியாது கொள்வதே குற்றம்.

சான்றென்னும் நோக்கை விடுத்து இலக்கியம் என்னும் நோக்கில் அணுகின், மால்கம் ஹல்க் நூலே எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது. 1970-இல் வந்த கதையொன்றில், மனிதர்க்கு முன் உலகையாண்ட ஊர்வன இனத்தார் நிலத்தடியில் நெடுந்துயில் நீங்கி எழுகின்றனர். திரையில் அவர்க்குத் தனிப்பெயர் இல்லை. இரப்பர் உடையணிந்த உருவங்களாகவே தோன்றினர். 1974-இல் ஹல்க் தம் கதையைத் தாமே ‘குகை அரக்கர்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கியபோது, அவ்வினத்தார் துயில்கொள்ளப் புகும் நாளிலிருந்து தொடங்கினார். ஒக்டெல், மோர்கா, கட்டோ எனப் பெயர் அளித்தார். அமைதி நாடுவோனும் போர் நாடுவோனும் அவருள்ளும் உண்டென அவர் கண்வழியே காட்டினார். இறுதியில் மனிதப்படை குகையைத் தகர்க்கும்போது, படிப்போர் யார் பக்கம் நிற்பதென அறியாது திகைக்கின்றனர். பதிப்பகத்தார் இட்ட தலைப்பு ‘அரக்கர்’ என்கின்றது. நூலோ அத்தலைப்பை மறுக்கின்றது. பத்து அகவைச் சிறுவர்க்கென எழுதிய நூலில் இத்தகைய முரணை வைத்தல் எளிதன்று.

டெர்ரன்ஸ் டிக்ஸ் வேறு வகையினர். அறுபதுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் ஒருவரே எழுதினார். சொற்சிக்கனமும் தெளிவும் அவர்தம் அணிகள். 1970-களின் இறுதியில் மிகுதியாக எழுத நேர்ந்தபோது உரையாடலுக்கு இடையில் குறிப்பு வைத்தது போன்ற வறட்சியும் தலைகாட்டிற்று. ஊர்தி வந்திறங்கும் ஓசையையும் டாக்டரின் தோற்றத்தையும் நூல்தோறும் ஏறத்தாழ ஒரே தொடரால் அவர் குறிப்பர். இதனைக் குறையென்பாரோடு யாம் உடன்படோம். கைலாசபதி சங்கப்பாடல்களில் ஆராய்ந்து காட்டிய வாய்மொழி மரபுத்தொடர்கள் கேட்போர்க்குத் தந்த உறுதியையே இவையும் இளம் படிப்பாளர்க்குத் தந்தன. ‘நம் டாக்டர் வந்துவிட்டார்’ என்று அறிதற்கு அத்தொடரே போதும்.

டொனால்ட் காட்டன் திராய் நகரப் போர்க்கதையை ஓமர் வாயிற் கூறவைத்ததையும், நீரோ காலத்துக் கதையைக் கடிதங்களாகத் தொகுத்ததையும் ஈண்டுச் சுட்டி அமைகின்றோம். அவை தனிக்கட்டுரைக்கு உரியன. வரிசையில் விடுபட்டவையும் உண்டு. டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய கதைகளும், எரிக் சாவார்டின் டாலெக் கதைகள் இரண்டும் உரிய காலத்தில் நூலாகவில்லை. அவ்வெற்றிடம் 2012-க்கும் 2019-க்கும் இடையிலேயே நிரம்பிற்று. முழுவரிசை கொண்டோம் என்று செருக்கிய தொகுப்பார் மீண்டும் கடைக்குச் செல்ல நேர்ந்தது.

2013-இல் நைஜீரியாவில் ஒன்பது பகுதிகள் கண்டெடுக்கப்பட்டன என்னும் செய்தி வெளியாயிற்று. அதனால் ‘உலகின் பகைவன்’ என்னும் 1967–68-ஆம் ஆண்டுக் கதை முழுமை பெற்றது. இக்கதைக்கு இயன் மார்ட்டர் எழுதிய நூல் 1981-இல் வந்தது. மார்ட்டர் தொடரில் துணைவராக நடித்தவர். வன்செயலை மெய்ம்மை தோன்ற எழுதுதலில் பிற நூலாசிரியரினும் கடுமையானவர். முப்பதாண்டுக்கு மேலாக, ஒரு பகுதி நீங்கலாக, அக்கதையின் காட்சிக்கு அவர் நூலே பலர்க்கும் கண்ணாக இருந்தது. இன்று காட்சி கிடைத்தபின், நூல் வேண்டாவென விற்றவரும் உளர். அன்றுதான் நூலை மீண்டும் திறந்தவரும் உளர். பின்னவரே எமக்கு உகந்தவர். ஆய்வு மாணவர் பாட ஒப்பீட்டிற் புக விரும்பின், படமும் ஒலியும் நூலும் மூன்றும் கைக்கெட்டும் இக்கதையிலிருந்து தொடங்கலாம். பகுதி பகுதியாகக் காட்சியை ஒருபுறமும் மார்ட்டரின் இயலை மறுபுறமும் வைத்து, அவர் சேர்த்ததையும் விட்டதையும் குறித்துக்கொண்டு செல்லல் வேண்டும். அதன்பின்னரே, ஒலி மட்டும் எஞ்சிய கதைகளின் நூல்களிடம் போதல் வேண்டும். அதற்கு வேண்டிய 1981-ஆம் ஆண்டுப் படி அரிதன்று. அட்டை மடங்கியதும் பக்கம் பழுத்ததும் ஆயினும் குறையில்லை.