நூறு வாட் விசாரணை

செத்துக் கிடக்கும் ஸ்டீரியோ ரிசீவரை நேராக பிளக்கில் செருகிப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஃபியூஸ் போயிருக்கும், புதுசு போடுவார்கள், அதுவும் போகும். அடுத்து செப்புக் கம்பியை முறுக்கி வைப்பார்கள், டிரான்ஸ்ஃபார்மரே புகைந்துவிடும். எங்கள் காடாம்புலியூரில் இப்படிப் போன செட்டுகள் கொஞ்சநஞ்சமல்ல. நடுவில் ஒரு நூறு வாட் குண்டு பல்பை சீரிஸில் கோத்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும்.

ஆரோக்கியமான செட்டை சீரிஸ் போர்டில் போடும்போது பல்பைக் கவனியுங்கள். குப்பென்று எரியும். உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் நிரம்ப நிரம்ப வெளிச்சம் இறங்கி, இழையில் ஒரு செம்மை மட்டும் மிஞ்சும். அந்த இறக்கத்தில்தான் எனக்கு மயக்கம். சட்டென இறங்கினால் சப்ளை சுத்தம். இறங்க மனமில்லாமல் தயங்கினால் ஏதோ கசிகிறது. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ டயோடோ ஷார்ட். 230 வோல்ட் பல்புக்குச் சூட்டில் 529 ஓம், குளிரில் ஏறக்குறைய 40 ஓம்தான். கரண்ட் கூடக் கூட அதுவே தடையைக் கூட்டிக்கொள்கிறது. செட்டுக்குள் என்ன கோளாறு இருந்தாலும், இழை சூடானபின் அரை ஆம்பியருக்கு மேல் விடாது.

‘மல்ட்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு?’ என்பார் என் நண்பர். மீட்டரை நானும் விலக்கவில்லை; ஸ்பீக்கர் முனையில் டிசி எத்தனை மில்லிவோல்ட் என்று அதுதான் சொல்ல வேண்டும். ஆனால் மீட்டர் பார்க்கும்போது செட் செத்துப்போனால் மீட்டருக்கு வருத்தமில்லை. வேரியாக் கட்சிக்காரர்களும் உண்டு. மெல்ல மெல்ல வோல்டேஜ் ஏற்றுவது அழகுதான். கை அவசரப்பட்டால் காப்பாற்ற அதில் ஏதுமில்லை. ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: 1978-இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 மாதிரி சேனலுக்கு 270 வாட் அசுரனுக்கு நூறு வாட் பல்பு போதாது, இருநூறு வேண்டும்.

பல்பு விடுதலை செய்தபின்தான் மற்றதெல்லாம். ரிலே ‘டிக்’ என்று விழவில்லையா? போர்டைக் கழற்றுமுன் ஸ்பீக்கர் ஒயர்களை எடுத்துவிட்டுப் பாருங்கள். பின்பக்க முனையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே தலைமுடி மாதிரி ஒற்றை இழை தொட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பயந்துதான் செட் வாயை மூடியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஊமையா? ஆர்சிஏ பின்னை இடம் வலம் மாற்றுங்கள்; ஊமை இடம் மாறினால் செட்டின்மேல் குற்றமில்லை. மாறாவிட்டால், பழைய செட்டுகளில் ப்ரீ-அவுட்டையும் மெயின்-இன்னையும் இணைக்கும் அந்த வளைந்த பித்தளைத் துண்டுகளைக் கழற்றித் துடையுங்கள். இரண்டு பக்கமும் இல்லையென்றால் டேப் மானிட்டர் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹம்மிங்குக்குக் காதே போதும். கேபிளின் ஷீல்டு அறுந்தால் வருவது 50 ஹெர்ட்ஸ். கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டை ஷட்ஜத்துக்கு ஓர் இழை மேலே. ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்தால் வருவது 100 ஹெர்ட்ஸ், அதே ஷட்ஜத்தின் மேல் ஸ்தாயி. சங்கீதம் தெரிந்தவர் வேறு கருவி தேட வேண்டியதில்லை.

1962 முதல் மின்சாரம் உற்பத்தியாகும் நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. வளைகுடா போனவர்கள் கொண்டுவந்த சான்சுயும் அக்காயும் எங்கள் பக்கம் முந்திரி வீடுகளின் கூடத்தில் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. நெய்வேலி பக்கத்தில் இருந்தும் அவற்றில் பாதியை முடித்தது பழுதான கரண்ட்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததோடு கம்பங்களையும் சாய்த்தது. நியூட்ரல் கட்டானால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைகூட ஏறும். இருளில் கிடந்துவிட்டு கரண்ட் வந்த சந்தோஷத்தில் எல்லாரும் முதலில் தட்டியது பாட்டுப் பெட்டியின் சுவிட்சை. எரிந்த ஃபியூஸின் கண்ணாடிக் குழாய் உள்ளே கறுத்து, முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்தால் நேர் ஷார்ட், கம்பி மட்டும் நடுவில் விட்டிருந்தால் வயசு. இதைப் படிக்கத் தெரிந்த கைகள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தன.

இப்போது ‘போர்டு மாத்து’ என்பதுதான் ரிப்பேர். மூடியைத் திறந்தால் உள்ளே சர்க்யூட் படம் ஒட்டியிருந்த காலம் போய், திறக்கவே முடியாத புளூடூத் பெட்டி வந்துவிட்டது. 2015-இல் எல்இடி பல்புக்கான உஜாலா திட்டம் வந்தபின் குண்டு பல்பும் கடைகளில் அருகிக்கொண்டே வருகிறது. எல்இடியை சீரிஸில் போட்டால் அது எதற்கும் சாட்சி சொல்லாது.

எங்காவது மளிகைக்கடையின் மேல் பரணில் நூறு வாட் பிலமென்ட் பல்பு தூசி படிந்து இருந்தால் விலை கேட்காமல் இரண்டு வாங்கிவிடுங்கள். ஒன்று சீரிஸ் போர்டுக்கு. இன்னொன்று, அது போகும் நாளுக்கு.